கைக்கு எட்டாத சென்சாரும் மூன்று அளவைகளும்

காரின் என்ஜின் ஓடும்போது உள்ளே நடப்பதை யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. கிராங்க் தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது, கூலண்ட் எவ்வளவு சூடேறியிருக்கிறது, எரிந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா, சிலிண்டருக்குள் தட்டல் விழுகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார் இருக்கிறது. அவை அனுப்பும் மின்சைகைகளை வைத்துத்தான் ஈசியூ என்னும் கணினி பெட்ரோலையும் தீப்பொறியையும் அளந்து கொடுக்கிறது. ஏதாவது ஒரு சைகை பிசகினால் அதைக் குறித்துவைத்துக்கொண்டு, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கைப் போட்டுவிடும். தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு இந்தியாவில் 2010-லிருந்து படிப்படியாகக் கட்டாயமாகி, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுவிதிகள் வந்தபின் மேலும் கண்டிப்பானது.

விளக்கு எரிந்தபின் ஸ்கேனரை மாட்டினால் ஓர் எண் வரும். அந்த எண் ஒரு சென்சாரின் பெயரைச் சொல்லும். அந்தச் சென்சாரோ மேனிஃபோல்டுக்கு அடியிலோ ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னாலோ, கண்ணுக்குத் தெரியாத, கை நுழையாத இடத்தில் இருக்கும். எண் சொன்னதை நம்பி அரைநாள் செலவழித்து அதைக் கழற்றலாமா, கூடாதா? பார்வைக்கு இது மெக்கானிக் கடைக் கேள்வி. உரித்துப் பார்த்தால், காணாத ஒன்றைப் பற்றி வேறொன்று சாட்சி சொல்லும்போது அதை எதைக்கொண்டு ஏற்பது, எந்த அளவுக்கு ஏற்பது என்ற கேள்வி.

இதை எழுநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழில் முறைப்படி எடுத்துப் பேசியவர்கள் பெரும்பாலும் இன்றைய கடலூர் மாவட்டத்து மண்ணில் நடமாடியவர்கள். 1993-இல் பழைய தென்னார்க்காடு பிரிந்தபோது மெய்கண்டார் உபதேசம் செய்த திருவெண்ணெய்நல்லூர் விழுப்புரத்தோடு போயிற்று. அவர் பிறந்த பெண்ணாகடமும், மாணவர் அருணந்தி சிவாசாரியாரின் திருத்துறையூரும், உமாபதி சிவாசாரியாரின் சிதம்பரமும் அதன் ஓரத்துக் கொற்றவன்குடியும் கடலூர் பக்கம் நின்றன. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் சைவ சித்தாந்தத்தைச் சாத்திரமாக்கியவர்கள் இவர்கள். உமாபதியின் ‘சங்கற்ப நிராகரணம்’ தன் காலத்தைத் தானே சொல்கிறது: சகம் 1235, அதாவது 1313. அருணந்தியின் ‘சிவஞான சித்தியார்’, தன் மதத்தை நிறுவும் சுபக்கத்தின் வாசலிலேயே அளவையை நிறுத்துகிறது. இறைவன் உண்டா, உயிர் எது என்று பேசப் போகிறவர், எந்தக் கோலால் அளக்கப் போகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறார். நூல் செய்கிற நாணயம் அது.

காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு என்று ஆறு அளவை சொல்வோர் உண்டு. ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு என்று மேலும் நான்கைச் சேர்ப்போரும் உண்டு. பத்தையும் வரிசைப்படுத்திய பிறகு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்று அருணந்தி முடிக்கிறார். நேரே புலனால் அறிவது காண்டல். கண்டதொன்றைக் கொண்டு காணாததை அறிவது கருதல். வடமொழியாளர் அனுமானம் என்பது இதையே. இரண்டுக்கும் எட்டாததை நம்பத்தக்க வாக்கால் அறிவது உரை. இந்தப் பட்டியலை வெறும் ஏட்டுச் சரக்கு என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் பழுதான கார் ஒன்றின் முன் நின்று யோசித்தால், பத்தில் அநேகமாக ஒவ்வொன்றும் எங்காவது தலைகாட்டும்.

கிராங்க் சென்சாரை எடுத்துக்கொள்ளலாம். ஃப்ளைவீலுக்குப் பக்கத்திலோ கிராங்க் புல்லிக்குப் பின்னாலோ, ஒரு பல்சக்கரத்துக்கு எதிரே, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் அது உட்கார்ந்திருக்கும். பல கார்களில் அந்தச் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், பல் 58-தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். ஒரு பல் கடந்தால் தண்டு 6 பாகை சுழன்றது என்று கணக்கு. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் என்ஜினில் அந்த வெற்றிடம் நொடிக்கு 50 தடவை சென்சாரைக் கடக்கும். இருக்கிற 58 பல்லும் வேகத்தைச் சொல்கின்றன. தண்டு இப்போது எங்கே நிற்கிறது, பிஸ்டன் மேலே வர இன்னும் எத்தனை பாகை என்பதைச் சொல்வது இல்லாத இரண்டு பல்.

இன்மை ஒன்றை அறிவிக்குமா என்பது இந்தியத் தருக்கத்தில் பழைய வழக்கு. வெறுந்தரையைப் பார்க்கிறவன் அங்கே குடம் இல்லை என்பதை எந்த அளவையால் அறிகிறான்? கண் தரையைத்தான் பார்த்தது. இல்லாத குடத்தைப் பார்த்திருக்க முடியாது. ஆகவே அபாவம் தனி அளவை என்றனர் பட்டாசாரியரைப் பின்பற்றிய மீமாஞ்சகர். நியாய நூல் வழியினரான நையாயிகர் அதை ஏற்கவில்லை. அருணந்தியும் ஏற்கவில்லை, மூன்றுக்குள் அடக்குகிறார். அனுமானத்துக்குரிய ஏதுக்களை இயல்பு, காரியம், அநுபலத்தி என்று பிரிக்கும் இடத்தில், புகையால் நெருப்பை அறிவது காரிய ஏது என்றும், குளிர் இல்லாததால் பனி இல்லை என்று அறிவது அநுபலத்தி ஏது என்றும் காட்டுகிறார். அவருடைய உதாரணத்தில் ஓர் இன்மை இன்னோர் இன்மையைக் காட்டுகிறது. பல்சக்கரத்தின் இன்மையோ உள்ளதொன்றை, தண்டின் இருப்பிடத்தைக் காட்டுகிறது. அது முடிவது மற்ற 58 பல்லும் பிசகாமல் வந்துகொண்டிருப்பதால்தான். சுற்றிலும் ஒழுங்கு இருந்தால் இன்மை ஒரு சொல்லாகும். எல்லாமே இல்லாமற் போனால் அது ஊமை.

சென்சார் செத்துப்போகும்போது நடப்பது இந்த ஊமைத்தனம். சைகை ஒன்றும் வரவில்லை. என்ஜின் நிற்பதால் வரவில்லையா, சென்சார் கெட்டதால் வரவில்லையா? இரண்டுக்கும் ஈசியூவுக்கு வந்து சேரும் செய்தி ஒன்றுதான்: செய்தி இல்லை. அந்த நேரத்தில் அது இன்னொரு சாட்சியைக் கேட்கிறது. கேம் தண்டின் சென்சார், தண்டு சுழல்கிறது என்கிறது. கிராங்க் சுழலாமல் கேம் சுழல வழியில்லை. இரண்டும் பெல்ட்டாலோ சங்கிலியாலோ பிணைக்கப்பட்டவை. ஆகவே கிராங்க் சுழல்கிறது. ஆகவே குறை சைகை வரும் வழியில். இப்படி முடிவுகட்டித்தான் ஈசியூ பி-0335 என்ற எண்ணைப் பதிகிறது. பகலில் உண்ணாத ஒருவன் பருத்துக்கொண்டே போனால் இரவில் உண்கிறான் என்று கொள்வதைப் ‘பொருள்’ என்றும் அருத்தாபத்தி என்றும் தருக்க நூலார் சொல்வார்கள். ஈசியூவை நிரலாக்கிய பொறியாளர் அந்தப் பெயரைக் கேட்டிருக்கமாட்டார். செய்தது அதைத்தான்.

இரண்டு சென்சாரும் சேர்ந்து தீர்க்கிற ஐயம் இன்னொன்றும் உண்டு. நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும். வெற்றிடம் இரண்டு முறை வரும். பிஸ்டன் மேலே வருவது காற்றை அழுத்தவா, புகையைத் தள்ளவா என்று கிராங்க் சென்சார் மட்டும் சொல்ல முடியாது. இரு பக்கமும் சாயக்கூடிய அறிவுக்கு ஐயம் என்று பெயர். ஒன்றை மற்றொன்றாகவே கொள்வதற்குத் திரிபு என்று பெயர். குற்றமற்ற காட்சி இந்த இரண்டும் நீங்கியிருக்க வேண்டும் என்பது சித்தியாரின் நிபந்தனை. ஐயத்தைத் தீர்க்க இன்னொரு சாட்சி போதும். திரிபு அப்படித் தீராது. அது ஐயப்படாமலேயே நிற்பதால் சாட்சியைத் தேடவே விடாது.

பி-0335 என்ற எண் சொல்வதென்ன? கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் குறை என்பதுதான் அதன் பொருள். சென்சார் கெட்டது என்று அது சொல்லவில்லை. சென்சார், அதன் கப்ளர், கப்ளரிலிருந்து ஈசியூ வரை ஓடும் மூன்று வயர், சென்சாருக்கு வரும் 5 வோல்ட், அதன் எர்த், எதிரே சுழலும் பல்சக்கரம், கடைசியில் ஈசியூ இவை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். எண்ணைப் பார்த்ததும் சென்சாரை வாங்கி மாட்டுகிறவர் உரையைக் காட்சியாக எடுத்துக்கொள்கிறார். எண் என்பது உரை. அதுவும் கார் ஓடாத இடத்தில், ஓடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், இந்த நிலைமை வந்தால் இப்படிச் சொல் என்று யாரோ எழுதிவைத்த உரை. சொன்னவர் நம்பத்தக்கவர் என்பதில் தகராறு இல்லை. அவர் சொன்னதன் எல்லை எது என்பதைக் கேட்பவர் அறிந்திருக்க வேண்டும். நூலைப் படிக்கும்போது உரைகாரர்கள் செய்ததும் இந்த எல்லை பிரிக்கும் வேலைதான். வாக்கு பொய்யாகாது என்று நம்பியவர்களே அதன் பொருள் எதுவரை போகும் என்று பக்கம் பக்கமாக வாதாடினார்கள்.

எல்லை தெரிந்தபின் மிஞ்சுவது ஒழிபு. இருக்கக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, எஞ்சியதை ஏற்பது. வீட்டு வாசலில் ஒரு மல்டிமீட்டரோடு இதைச் செய்துவிடலாம். முதலில் ஸ்கேனரில் ஓடும் அளவுகளைத் திறந்துவைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். என்ஜின் சுழலும் சத்தம் காதில் விழும்போது சுற்று எண்ணிக்கை பூச்சியமாகவே நின்றால் சைகை வரவில்லை என்பது உறுதி; இது காண்டல். பிறகு கப்ளரைக் கழற்றி, சாவியைப் போட்டு, 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு கப்ளரிலிருந்து ஈசியூ வரை வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. இவை மூன்றும் சரியாக இருந்து, பல்சக்கரத்தில் பல் உடையாமலும் சென்சார் முனையில் இரும்புத்தூள் அப்பாமலும் இருந்தால்தான் சந்தேகம் நியாயமாகச் சென்சார் மேல் வந்து விழும்.

கடலூர் பக்கத்தில் இந்த வரிசை இன்னும் முக்கியம். தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று இரவெல்லாம் உப்பைக் கொண்டுவந்து கொட்டும் தெருக்களில், கப்ளரின் செம்பு முனைகளில் பச்சை பூத்துவிடுகிறது. 2011 டிசம்பர் 30-இல் கரையேறிய தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் இந்த மாவட்டம் பட்டது தெரிந்ததே. என்ஜின் வரை தண்ணீர் ஏறிய காருக்குப் பழுது பெரும்பாலும் கப்ளர்களில்தான் குடியிருக்கும், அதுவும் மாதக்கணக்கில் காத்திருந்துதான் வெளியே வரும். நிறுத்திவைத்த காரில் எலி கடித்த வயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இத்தனைக்கும் பிறகு, இந்த மாடலுக்குச் சென்சார்தான் வழக்கமான வியாதி என்று யாராவது சொன்னால் அது ஐதிகம். சொன்னவர் இன்னார் என்று தெரியாமல் வழிவழியாக வரும் பேச்சு அது. இந்த ஆலமரத்தில் பேய் உண்டு என்பதை உரைகாரர்கள் உதாரணம் காட்டுவார்கள். ஐதிகத்தைத் தனி அளவையாக நிற்கவிடாமல் உரைக்குள் அடக்கியதில் ஒரு நன்மை இருக்கிறது: சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு அதுவும் பதில் சொல்லியாக வேண்டும்.

காண்டலை மட்டும் நம்புவேன் என்பவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். சித்தியாரின் பரபக்கம் பதினான்கு மதங்களை எடுத்து மறுக்கிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பவன் கண்டதே காட்சி என்னும் உலகாயதன். கண்ணால் பார்த்ததைத் தவிர எதையும் ஏற்கமாட்டேன் என்று ஒரு மெக்கானிக் நின்றால் என்ஜினைப் பிரித்துக்கொண்டேயிருக்க வேண்டியதுதான். பிரித்து நிறுத்திய என்ஜினில் ஓடும்போது வரும் பழுது தெரியவும் தெரியாது. எண் சொன்னால் போதும் என்று இருப்பவர் இதற்கு நேர் எதிர்முனை. அவருக்கு ஆகும் செலவு அதிகம்.

காண்டலும் காலம் தப்பினால் திரிந்துவிடும். சில கிராங்க் சென்சார்களுக்கு ஒரு குணம் உண்டு: சூடேறினால் உள்ளே இணைப்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், ஆலப்பாக்கம் தாண்டியதும் கார் செத்து நிற்கிறது. அரைமணி கழித்து ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்புகிறது. மறுநாள் காலையில் குளிர்ந்த என்ஜினில் மீட்டரை வைத்தால் எல்லா அளவும் சரி. மீட்டர் பொய் சொல்லவில்லை, பார்த்தவரும் தப்பாகப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய வேளையில் பார்க்கவில்லை. அளக்க வேண்டியது சூட்டிலே.

இதற்கு நேர்மாறான பழுதும் இருக்கிறது: சென்சார் உண்மை சொல்லி, கேட்பவர் தப்பாக எடுத்துக்கொள்வது. சைலன்சர் குழாயில் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார், வெளிக்காற்றிலுள்ள ஆக்சிஜனையும் புகையிலுள்ள ஆக்சிஜனையும் ஒப்பிட்டு, ஏறக்குறைய 0.1 முதல் 0.9 வோல்ட் வரை காட்டும். கலவையில் பெட்ரோல் மிகுந்தால் மேலே, காற்று மிகுந்தால் கீழே. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற எடைக்கணக்கைச் சுற்றியே ஈசியூ அதை ஆட்டிவைக்கும். பி-0171 என்ற எண் வந்தால் கலவையில் காற்று அதிகம் என்று பொருள். உடனே சிலர் அந்தச் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். சென்சாருக்கு முன்னால் குழாயின் கேஸ்கெட்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் தன் முன் உள்ள ஆக்சிஜனைச் சரியாகவே சொல்லும். அந்த ஆக்சிஜன் எரிதலில் மிஞ்சியது என்று முடிவு செய்தது ஈசியூ. பிழை யாருடையது? புலன் பொருளைப் பெயரும் சாதியும் இன்றி அப்படியே பற்றுவதை நிருவிகற்பம் என்றும், இன்னது என்று துணிவதைச் சவிகற்பம் என்றும் தருக்கம் பிரிக்கிறது. திரிபு நுழைவது துணிகிற இடத்தில். செய்தி கொண்டுவந்தவனை வேலையை விட்டு நீக்கினால் ஓட்டை அடைபடாது.

கூலண்ட் சென்சார் இன்னொரு விதம். சூடு ஏற ஏற மின்தடை குறையும் பொருளால் ஆனது அது. 20 பாகையில் இரண்டாயிரம், மூவாயிரம் ஓம் காட்டுவது 80 பாகையில் முந்நூறு ஓம் அளவுக்கு இறங்கிவிடும். வயர் அறுந்தால் தடை எல்லையற்றதாகி, கணக்கின்படி கடுங்குளிர் என்று ஆகும். மே மாதத்துச் சிதம்பரத்தில் ஸ்கேனர் மைனஸ் 40 பாகை என்று காட்டும். இங்கே உலக அறிவு குறுக்கே வந்து காப்பாற்றுகிறது. நல்லவேளையாகத் திரிபு பெரிதாக இருக்கிறது; பத்துப் பாகை மட்டும் தப்பாகக் காட்டினால் கண்டுபிடிக்க நாளாகும்.

சென்சார்தான் என்று துணிந்தபின் வருவது கை வேலை. என்ஜின் முழுதும் ஆற வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு வைப்பது நல்லது. அதன்பின் ராட்செட்டில் நீளமான எக்ஸ்டென்ஷனை மாட்டி, ஸ்டார்ட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே கையை விட வேண்டும். இங்கே கண்ணுக்கு வேலை முடிந்துவிடுகிறது. செல்போனை உள்ளே நீட்டி ஒரு படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்; கை உள்ளே போனபின் படம் உதவாது, கையே பார்வையை மறைக்கும். விரல்நுனி ஒரு விளிம்பைத் தொடுகிறது. அது கப்ளரின் பூட்டா, வயரைப் பிடித்திருக்கும் கிளிப்பா? பூட்டானால் அழுத்தினால் கொடுக்கும், கிளிப்பானால் கொடுக்காது. போல்ட்டின் தலை அறுகோணமா, உள்குழி உள்ளதா என்பதை விரல் ஒரு சுற்று சுற்றித் தெரிந்துகொள்ளும். பழகியவர்கள் இந்த வேளையில் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். காட்சி என்பதைக் கண்ணோடு மட்டும் சேர்த்துப் பேசுவது பிற்காலப் பழக்கம். அளவை நூல்களில் இந்திரியக் காட்சி ஐம்புலனுக்கும் பொது. மெய் தொட்டறிவதும் காட்சிதான்.

பழைய சென்சார் வெளியே வந்ததும் உட்காரும் இடத்தைத் துடைக்க வேண்டும். புதிதின் ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி நேராக உள்ளே தள்ளினால் சத்தமில்லாமல் உட்காரும். சாய்ந்தால் இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் சைகை மாறும். இறுக்கத்திலும் கணக்கு உண்டு. தட்டலை உணரும் நாக் சென்சார் இதற்கு நல்ல சாட்சி. அது அழுத்தத்தை மின்சாரமாக்கும் பீங்கான் வில்லையால் ஆனது. பல வகைகளுக்கு 20 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கமே விதி. பலமாக இருக்கட்டும் என்று கூட்டி இறுக்கினால் அது கேட்கும் விதமே மாறிப்போகும். கருவி கெடாமலேயே சாட்சி கெடும்.

மாட்டி முடித்து, எண்ணை அழித்து, ஸ்டார்ட் செய்தால் விளக்கு அணைந்திருக்கும். பழுது தீர்ந்தது என்று இப்போது சொல்லலாமா? அறிவின் உண்மை அந்த அறிவிலேயே இருக்கிறது, பொய் என்று காட்டப்படும் வரை அது மெய்யே என்றனர் மீமாஞ்சகர். அறிவைக் கொண்டு செயலில் இறங்கிப் பலன் கிடைத்தால்தான் அது மெய் என்று தெரியும் என்றனர் நையாயிகர். மெக்கானிக்குகள் பிறவி நையாயிகர்கள். ஒருமுறை அழித்தால் விளக்கு எப்படியும் அணையும். குறை மீண்டும் சோதிக்கப்பட்டுத் தேறியதா என்பது பல ஓட்டங்களுக்குப் பிறகே தெரியும். சூட்டில் மட்டும் வந்த பழுதானால் சூட்டில் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். கடலூர் மெக்கானிக் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சிதம்பரம் வரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள் என்பதில் இந்தத் தருக்கம் முழுதும் இருக்கிறது.

இதுவரை சென்சார் உணர்கிறது, ஈசியூ அறிகிறது என்றே பேச்சு ஓடியது. பேச்சுவழக்கில் அது தப்பில்லை. சித்தாந்தம் இந்த இடத்தில் கறாரானது. ஐம்பொறிகள் சடம். மனம் பற்றும், அகங்காரம் நான் அறிவேன் என்று எழும், புத்தி இன்னது என்று நிச்சயிக்கும், சித்தம் சிந்திக்கும். இந்த நான்கு அந்தக்கரணங்களும் சடமே. அறிவது உயிர். அளவைகளைப் பற்றியும் இதே முடிவுதான்: கண்ணோ புகையோ நூலோ உண்மையில் அளவை ஆகாது, அவற்றின் வழியாகத் தொழிற்படும் உயிரின் அறிவாற்றலாகிய சிற்சத்தியே அளவை. இந்தக் கணக்கில் சென்சார், வயர், ஈசியூ, ஸ்கேனர், மீட்டர் எல்லாம் நீட்டிக்கப்பட்ட பொறிகளும் கரணங்களும். ஆயுதபூசையன்று பட்டறைகளில் ஸ்பானருக்கும் ஜாக்கிக்கும் பக்கத்தில் ஸ்கேனரையும் வைத்துக் குங்குமம் இடுகிறார்கள். உடலாகிய தனுவும் கருவியாகிய கரணமும் உயிருக்குக் கொடுக்கப்பட்டவை, உயிர் தானாக உண்டாக்கிக்கொண்டவை அல்ல என்ற கொள்கைக்கு அந்த வழக்கம் ஒத்துத்தான் போகிறது.

உயிரைச் சென்சாரோடு வைத்துப் பார்க்கும்போது ஓர் இடம் வரை ஒப்புமை எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போகிறது. உயிர் சார்ந்ததன் வண்ணம் ஆகும் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. இருளோடு சேர்ந்தால் இருளாகவும் ஒளியோடு சேர்ந்தால் ஒளியாகவும் நிற்கும் பொருள்களை உமாபதி ‘திருவருட்பய’னில் இதற்கு எடுத்துக்காட்டுகிறார். கூலண்ட் சென்சாரும் சூட்டை அறிவிப்பது தானும் அந்தச் சூட்டை அடைந்துதான். நீரின் சூடு அதற்கு ஏறாவிட்டால் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சென்சார் சூடாவதோடு நிற்கிறது. சூடாக இருக்கிறேன் என்ற அறிவு அதற்கு இல்லை. ஆதல் மட்டும் அறிதல் ஆகாது. மலம் என்னும் அழுக்கோடு கூடினால் மலமாகவும் சிவத்தோடு கூடினால் சிவமாகவும் ஆகிற உயிர் அந்த ஆதலை அனுபவிக்கிறது, அதனால் கட்டுப்படுகிறது, அதிலிருந்து விடுபடவும் கூடும்.

அந்த உயிருக்கும் தனியே அறியும் வல்லமை இல்லை என்பது அடுத்த படி. கண் காண விளக்கொளி வேண்டும். ஒளி இருந்தாலும் உயிர் கண்ணோடு நின்று காண வேண்டும். அப்படியே உயிருக்கு இறைவன் காட்டவும் வேண்டும், கூடவே நின்று காணவும் வேண்டும் என்று மெய்கண்டாரின் ‘சிவஞான போதம்’ காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இரண்டாகச் சொல்கிறது. கருவி எவ்வளவு இருந்தாலும் இது இல்லாவிட்டால் அறிவு இல்லை. உமாபதியைப் பற்றிய மரபுக் கதை இதையே சொல்கிறது. தில்லையில் பூசை முடித்து, பட்டப்பகலில் தீவட்டி பிடிக்கப் பல்லக்கில் போகிறார் அவர். பின்னர் அவருக்குக் குருவான மறைஞான சம்பந்தர் தெருவில் நின்று, பட்ட கட்டையின்மேல் ஒரு பகற்குருடு போகிறது என்ற கருத்தில் ஏதோ சொல்கிறார். உமாபதி இறங்கி அவர் பின்னே போய்விடுகிறார். சூரியனும் இருந்தது, தீவட்டியும் இருந்தது, நல்ல கண்ணும் இருந்தது.

மறைந்த பொருள் என்ற சொல்லைச் சென்சாருக்கும் சிதம்பரத்துச் சிற்சபைக்கும் ஒரே பொருளில் பயன்படுத்த முடியாமற் போவது இதனால்தான். மேனிஃபோல்டைக் கழற்றினால் நாக் சென்சார் கண்ணுக்குத் தெரியும். மறைத்தது உலோகம், மறைந்ததும் உலோகம். சிற்சபையில் இரகசியத் திரையை விலக்கினால் பொன் வில்வமாலை தொங்குகிறது; மாலைக்குப் பின்னால் கண்ணுக்கு ஒன்றுமில்லை. வடலூரில் 1872-இல் வள்ளலார் திறந்த ஞானசபையில் ஏழு திரையும் நீங்கினால் சோதி தெரியும், சிதம்பரத்தில் வெளிதான். பல்சக்கரத்து வெற்றிடத்தைப் போலச் சுற்றியுள்ள பற்களால் எண்ணிப் பொருள் காணத்தக்க இன்மையும் இல்லை அது.

பொறியாலும் கரணத்தாலும் வருவதைப் பாசஞானம் என்றும், நான் அறிகிறேன் என்று உயிர் தன்னை முன்னிட்டு அறிவதைப் பசுஞானம் என்றும் சித்தாந்தம் பிரிக்கிறது. இந்த இரண்டாலும் பதியாகிய இறைவனை அறிய முடியாது. பதிஞானத்தால்தான் அறிய வேண்டும் என்பது ‘சிவஞான போத’த்தின் ஒன்பதாம் சூத்திரம் எடுத்துக்கொள்ளும் பொருள். காண்டல், கருதல், உரை மூன்றையும் இவ்வளவு கவனமாக வகுத்தவர்களே அவற்றுக்கு எல்லையும் போட்டார்கள். அனுமானத்தால் இறைவன் உண்டு என்பது வரை போகலாம்: உலகம் காரியம், காரியத்துக்குக் கருத்தா வேண்டும் என்ற வாதம் முதல் சூத்திரத்திலேயே வருகிறது. உண்டு என்று துணிவது வேறு, அறிவது வேறு. பி-0335 வந்ததும் சென்சார் என்ற ஒன்று அங்கே உண்டு என்று தெரிந்தவரும், அதன் கப்ளர் பூட்டை விரலால் தொட்டவரும் அறிந்ததில் வித்தியாசம் இருக்கிறது. என்ஜினில் அந்த வித்தியாசத்தைக் கை தீர்த்துவிடுகிறது. பதியின் விஷயத்தில் தீர்ப்பது எது என்றால் அருள் என்பது அருணந்தியும் உமாபதியும் தருகிற விடை. அதற்கு அளவை எது என்று கேட்கிற மீமாஞ்சகருக்கும் உலகாயதனுக்கும் அந்த விடை போதாது.